பாங்காக்கில் செய்த மாதிரியே

குரமோச்சி அம்மாளைப் பார்த்த மாத்திரத்தில் சயோகோவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இடையில் பதினாறு வருஷம் ஓடியிருந்தது. கூந்தல் வெளுத்து, கழுத்துத் தோல் தளர்ந்து, ஆளே பாதியாகியிருந்தாள். ஆனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விடுவாளே, அந்த நோட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

தாய்லாந்தின் வடக்கே சியாங் மாயில் வியாழக்கிழமைதோறும் ஒரதை அம்மாவின் சாப்பாட்டுக்கடையில் ஜப்பான்காரர்கள் கூடுவார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு கடைசிக்காலத்தைக் குளிரில்லாத ஊரில் கழிக்க வந்தவர்கள். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்காருவார்கள். அவ்வளவுதான் அங்கே இட ஒழுங்கு. புதிதாக வருகிறவர்கள் எழுந்து பெயரைச் சொல்லி, தோட்டம் போடப் பிடிக்கும், மீன் பிடிக்கப் பிடிக்கும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனாலும் கேட்பதில்லை.

அன்றைக்குக் குரமோச்சி முதலில் எழுந்தார். நல்ல உயரமான மனிதர். இடது கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. தன் பெயரைச் சொல்லி, கோழி வளர்க்க ஆசை என்றார். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அடுத்து அவருடைய மனைவி எழுந்தாள். தன் பெயரைச் சொல்லவில்லை. தன் வீட்டுக்காரர் பாங்காக்கில் கம்பெனியின் கிளை முழுவதற்கும் தலைமையாக இருந்தவர் என்றும், இனி எல்லோரும் தங்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஒகாதா என்கிற வழுக்கைத்தலைக்காரர் பக்கத்திலிருந்தவர் கோப்பை நிறைந்திருக்கும்போதே அதில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

பிறகு சயோகோ பக்கம் திரும்பினாள் குரமோச்சி அம்மாள். "நான் சயோகோ. பெரியாஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளரா இருக்கேன். உடம்புக்கு முடியலேன்னா கூப்பிடுங்க" என்றாள் சயோகோ. குரமோச்சி அம்மாள் தலை தாழ்த்தி வணங்கினாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எப்படி இருக்கும்? பாங்காக்கில் ஒரே கட்டடத்தில் ஒன்றரை வருஷம் இருந்தும், சயோகோவின் பெயர் என்னவென்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. அங்கே சயோகோ 'இசொபே வீட்டம்மா'. அதற்கு மேல் அவளுக்குப் பெயர் கிடையாது.

அன்று வீட்டுக்கு வந்த சயோகோ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பதினாறு வருஷமும் அந்தப் பெண்மணி எங்கேயோ ஜப்பானில் சுகமாக இருக்கிறாள் என்று நினைத்து நினைத்துக் கறுவியதில்தான் அவளுடைய பாதி ராத்திரிகள் போயிருந்தன. இப்போது அவளே கூப்பிடாமல் காலடிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

பாங்காக்கில் நடந்தது இதுதான்.

சயோகோவின் கணவன் இசொபே கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தான். சுக்கும்வித் சாலையை ஒட்டிய குறுக்குத்தெரு ஒன்றில், கம்பெனிக் குடும்பங்கள் எல்லாம் ஒரே உயரமான கட்டடத்தில் குடியிருந்தன. பதவி கூடக் கூட மாடியும் கூடும். குரமோச்சி குடும்பம் உச்சியில் இருந்தது. சயோகோ மூன்றாவது மாடியில் இருந்தாள். புதன்கிழமைதோறும் மனைவிமார்களுக்கு உச்சிமாடியில் மதியச் சாப்பாடு. கணவனின் நாற்காலி எதுவோ அதற்கேற்ற இடத்தில்தான் மனைவியும் உட்கார வேண்டும். கடைசியில் வந்தவள் தேநீர் ஊற்ற வேண்டும். குரமோச்சி அம்மாள் சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும், அவள் கைப்பை வாங்கிய கடையில் மற்றவர்கள் வாங்கக் கூடாது. தெருக்கடையில் சாப்பிடக் கூடாது, மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறக் கூடாது, வேலைக்காரிகளிடம் தாய்லாந்து மொழி கற்றுக்கொள்ளக் கூடாது. ஊரே வெளியில் கொட்டிக்கிடக்க, அந்தப் பெண்கள் குளிரூட்டிய காரில் ஏறிக் குளிரூட்டிய கடையில் இறங்கி வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் சயோகோவின் மகன் கெய்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் கசிந்தது. இசொபே வெளியூரில் இருந்தான். குடும்பங்களுக்கென்று கம்பெனி கொடுத்திருந்த காரை யாருக்கு எப்போது அனுப்புவது என்பது குரமோச்சி அம்மாளின் கையில் இருந்தது. சயோகோ தொலைபேசியில் கூப்பிட்டாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவரின் மனைவியைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப்போகக் கார் கிளம்பப்போகிறது என்றாள் குரமோச்சி அம்மாள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது சகஜம், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த மழையில் வாடகைக்கார் ஒன்றும் நிற்கவில்லை. சயோகோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அங்கே ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள்காரன் தவீ நின்றிருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்தி, நடுவில் உட்காரவைத்து, அவளைத் தன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். டெங்கு என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள்.

பிள்ளை பிழைத்தான். சிகை அலங்காரக் கடைக் கண்ணாடி வழியாக அந்தக் கட்டடத்துப் பெண் ஒருத்தி அவர்களைப் பார்த்திருந்தாள். அடுத்த புதன்கிழமை, மீனைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தபடி குரமோச்சி அம்மாள் கேட்டாள். "இசொபே வீட்டம்மா, மழையில அந்த ஆளைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுப் போனது கதகதப்பா இருந்துதா?" எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சயோகோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் தவீக்கு வாரம் ஒரு முறை பழம் வாங்கிக் கொடுத்ததும், தெருமுனையில் நின்று அவனிடமும் பழக்காரியிடமும் தாய்லாந்து மொழி பேசிப் பழகியதும் அப்புறம் கண் காது மூக்கு வைத்துக் கட்டடம் முழுக்க ஏறி இறங்கின. ஆறு மாதத்தில் இசொபேயை ஸ்ரீராச்சா தொழிற்சாலைக்கு மாற்றினார்கள்.

ஸ்ரீராச்சா கடலோரத்துத் தொழிற்சாலை ஊர். ஆண்கள் விடியுமுன் சீருடை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவார்கள். பெண்கள் கசங்கின சட்டையோடு ஒருத்தி வீட்டில் ஒருத்தி போய் உட்கார்ந்து, அவரவர் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். உச்சிமாடியும் இல்லை, கைப்பைப் பேச்சும் இல்லை. சைக்கிளின் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை வைத்து மிதிப்பார்கள். சயோகோவுக்கு மூச்சு விட முடிந்தது. அந்த நாட்டு மொழி தெரிந்தவள் என்பதால் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அது இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. சின்ன ஊர். ஜப்பானிய மளிகைக்கடை ஒன்றே ஒன்று. பாங்காக்கில் ஒரு பேச்சு பரவ ஒரு மாதம் ஆகுமென்றால் அங்கே ஒரு காலைப்பொழுது போதும். ஒரு நாள் சயோகோ கடைக்குள் போனபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் தயிர் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஸ்ரீராச்சாவை விட்டுக் கிளம்பும் நாளில் இளம்பெண் ஒருத்தி மட்டும் மாடிப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, உண்மையைச் சொன்னாள். பாங்காக்கிலிருந்து குரமோச்சி அம்மாள் தொலைபேசியில் பேசினாளாம். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாளாம். "அவங்களை டிரைவருங்க பக்கம் தனியா விட்டுடாதீங்க, இங்க நாங்க கொஞ்சம் சிரமப்பட்டோம்" என்று மட்டும் சொன்னாளாம்.

இசொபே வாய்விட்டுப் பேசாத ஆள். அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். "நிஜமா?" அபத்தமாக இருந்ததால் சயோகோ சிரித்துவிட்டாள். அவன் அந்தச் சிரிப்பை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாள் என் அம்மாவோடு இருங்கள் என்று அவளையும் பிள்ளையையும் ஜப்பானுக்கு அனுப்பினான். ஒரு வருஷத்துக்குள் விவாகரத்து. அந்த நாட்டுச் சட்டத்தில் பிரிந்த பிறகு பிள்ளை ஒருவருக்குத்தான். சம்பாத்தியம் இல்லாதவள், பெயர் கெட்டவள், சொந்த வீடும் இல்லாதவள் என்ற நிலையில் கெய்தா அவன் பக்கம் போனான். பிரியும்போது அவனுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு அவள் அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை.

ஜப்பானில் இருக்கப் பிடிக்காமல் சயோகோ தாய்லாந்துக்கே திரும்பி வந்தாள். பாங்காக்கையும் ஸ்ரீராச்சாவையும் விட்டால் ஜப்பான்காரர்கள் இருக்கும் இன்னொரு ஊர் சியாங் மாய். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. மலைக்காற்றும் சாவகாசமும் உள்ள ஊர். இங்கே வந்தவர்கள் எல்லாம் கம்பெனியைத் தலைமுழுகிவிட்டு வந்தவர்கள். ஒகாதா பெரிய வங்கியில் இயக்குநராக இருந்தவர் என்பது ஆஸ்பத்திரியில் அவருடைய காப்பீட்டுத் தாள்களை நிரப்பியபோது சயோகோவுக்கு மட்டும் தெரியவந்தது. வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். வட ஜப்பானின் அகிதாவிலிருந்து வந்த மித்சுயோ பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அரிசி களைந்தவள், விதவை, எழுபது வயது. அவளும் ஒகாதாவும் ஒரே கிண்ணத்தில் கரண்டி போட்டுக் காவ் சோய் என்ற அந்த ஊர் நூடுல்ஸ் குழம்பைச் சாப்பிடுவார்கள். சயோகோவுக்கு இந்த ஊரில் அம்மா, அக்கா, தோழி எல்லாம் மித்சுயோதான். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். கெய்தாவைப் பற்றி சயோகோ வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆளும் அவள்தான். ஆனால் குரமோச்சி என்ற பெயரை அவளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெயரை யாரோடும் பங்குபோட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வந்ததில்லை.

குரமோச்சி அம்மாள் வந்து ஒரு மாதம் இருக்கும். அவள் சயோகோவைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். கணவருக்கு மாத்திரை வாங்கிய பிறகு, காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து மனசைத் திறந்தாள். இங்கே யாருடனும் ஒட்ட முடியவில்லை, தன் வீட்டில் ஒரு விருந்து வைத்து எல்லோரையும் கூப்பிடலாமா என்று நினைக்கிறேன், ஆனால் இந்த ஊர் வழக்கம் பிடிபடவில்லை, நீங்கள்தான் எல்லோருக்கும் வேண்டியவர், எப்படிச் செய்தால் சரியாக இருக்கும் என்று கேட்டாள்.

சயோகோ அந்த முகத்தைப் பார்த்தாள். தன்னாலேயே நம்ப முடியாத அளவுக்கு இனிமையாக, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து வந்தது பேச்சு.

"நீங்க பாங்காக்ல எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்ங்க, குரமோச்சி சான். இங்க எல்லாரும் பேச்சுக்குத்தான் எளிமையா இருக்காங்க. முறையா ஒருத்தர் நடத்தினா அவங்களுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்."

"அப்படியா? நானும் அதைத்தான் நெனச்சேன். யார் யார் என்னவா இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தானே உட்கார வைக்க முடியும்?"

"கேளுங்களேன். சொல்லுவாங்க."

ஒகாதா யார் என்பதையும் அவளே சொன்னாள். மித்சுயோவைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் ஒரு கணம் நாக்கு தயங்கியது. ஆனால் விருந்து கெட வேண்டுமென்றால் நன்றாகக் கெட வேண்டும் என்று தோன்றியது.

விருந்தன்று குரமோச்சி வீட்டு மேசை விரிப்பு கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் அழகான கையெழுத்தில் பெயர் எழுதிய அட்டை. தலைப்பக்கம் ஒகாதா. அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. அடுத்தடுத்து ஒரு காலத்து மேலாளர், எஞ்சினியர், கல்லூரி ஆசிரியை, கடைக்காரர். கடைசி நாற்காலி சமையலறைக் கதவை ஒட்டி, மித்சுயோவுக்கு. குரமோச்சி அம்மாள் எழுந்து ஒவ்வொருவரும் முன்பு வகித்த பதவியைச் சொல்லி வரவேற்றாள். ஒகாதாவை "இயக்குநர் அவர்களே" என்று அழைத்து முதல் கோப்பையை ஊற்றினாள். அவர் அதைத் தொடவில்லை. அவர் கண் நேரே சயோகோவின் மேல் வந்து நின்றது. சயோகோ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு பாதியில் இருந்தபோது குரமோச்சி அம்மாள் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"மித்சுயோ சான், சிரமம் பார்க்காம எல்லாருக்கும் கொஞ்சம் தேநீர் ஊத்திடறீங்களா? உங்களுக்குப் பழக்கம்தானே."

சியாங் மாய்க்கு வந்த நாளிலிருந்து மித்சுயோ தான் என்ன வேலை பார்த்தாள் என்பதை சயோகோவைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. வெட்கப்பட்டு அல்ல. இனி யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட விடுதலை அது. அவள் புன்னகையோடு எழுந்து, கெட்டிலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் ஊற்றினாள். சயோகோவின் கோப்பைக்கு வந்தபோது அவள் கை ஆடவில்லை. சயோகோ கோப்பையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தது. எல்லோரும் நன்றி சொன்னார்கள், குனிந்து வணங்கினார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அடுத்த வியாழக்கிழமை குரமோச்சி தம்பதி வந்தபோது ஒரதையின் கடையில் யாரும் இல்லை. எல்லோரும் நதியோரத்து வேறொரு கடைக்கு மாறியிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரதை அம்மா பிறகு சயோகோவிடம் சொன்னாள். "சயோ, உங்க ஆளுங்க கோபப்பட்டா சத்தமே வர மாட்டேங்குதே. நாற்காலிங்கதான் காலியாவுது. எங்க ஆளுங்களா இருந்தா ஒரு தட்டாவது உடைஞ்சிருக்கும்."

விஷயம் அதோடு நிற்கவில்லை. சந்தையில் குரமோச்சி அம்மாள் எதிரே வந்தால் ஆட்கள் கனிவாகச் சிரித்து, நேரமாகிவிட்டது என்று நகர்ந்தார்கள். கைபேசிக் குழுவில் அவள் எழுதியவற்றைப் படித்தார்கள், பதில் எழுதவில்லை. ஆனால் கணவரின் கதை வேறாக இருந்தது. ஒகாதா அவரைத் தன் காரில் வந்து அழைத்துக்கொண்டு போவார். குரமோச்சி பூங்காவில் நாலு பேரோடு பந்து உருட்டி விளையாடுவார், நடுங்கும் கையோடு குறி தப்பி அடித்துச் சிரிப்பார். யாரோ அவருக்கு இரண்டு கோழிகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கார் கதவு திறக்கும், அவர் ஏறுவார், கதவு மூடும். மனைவி வாசலில் நின்று வணங்கிவிட்டு உள்ளே போவாள். இதை சயோகோ ஒரு நாள் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த நாளும் அந்த வழியாகவே போனாள்.

மார்ச் மாதம் வந்தது. மலைக்காட்டை எரிக்கும் புகை ஊரை மூடிக் கண் எரிந்தது. ஒரு மதியம் குரமோச்சி அம்மாள் முகமூடி போட்டுக்கொண்டு, துணியில் கட்டிய பலகாரப் பெட்டியோடு சயோகோவின் வீட்டுக்கு வந்தாள். பாயில் முழங்காலிட்டு உட்கார்ந்து, பெட்டியை முன்னால் தள்ளினாள்.

"சயோகோ சான், இந்த ஊர்ல உங்களைத்தான் நம்பறேன். நான் என்ன தப்பு செஞ்சேன்? யாராவது சொன்னாத் திருத்திக்குவேன். யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

இந்தக் கணத்தை சயோகோ எத்தனையோ விதமாக மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். கத்துவதாக, அறைவதாக, அழுவதாக. இப்போது அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"குரமோச்சி சான், இசொபேன்னு ஒருத்தரை ஞாபகம் இருக்கா?"

"இசொபே... கொள்முதல்ல இருந்தாரே. ஸ்ரீராச்சாவுக்கு மாத்தலாகிப் போனார்."

"அவரோட வீட்டம்மா பேரு என்ன?"

குரமோச்சி அம்மாள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "அந்த மோட்டார் சைக்கிள்ல..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை மெதுவாக உயர்ந்து சயோகோவின் முகத்துக்கு வந்தது.

"சயோகோ," என்றாள் சயோகோ. "அவ பேரு சயோகோ."

வெளியே யாரோ காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. குரமோச்சி அம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லப் பேசினாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சாகத்தான் இருந்தது.

"நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். நீங்க எப்படிப்பட்டவங்கன்னு ஸ்ரீராச்சாக்காரங்க கேட்டாங்க, சொன்னேன். பாங்காக்ல அப்பிடித்தான் இருந்தாகணும். நான் ஒருத்தியைத் தள்ளலேன்னா என்னைத் தள்ளியிருப்பாங்க. அதுக்கப்புறம் உங்க வீட்டுல நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒரு வார்த்தைதான் சொன்னேன். பாங்காக்ல செஞ்ச மாதிரியே செய்ங்கன்னு."

குரமோச்சி அம்மாளுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்தபோது அவள் தோள் இரண்டும் ஒருசேரத் தொய்ந்தன.

"உங்க பையன்?" என்று கேட்டாள்.

"இருபத்திமூணு வயசு. தெருவுல எதிர்ல வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது."

குரமோச்சி அம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தாள். அப்படியே இருந்தாள். சயோகோ எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். புகை உள்ளே வந்தது. குனிந்தவள் நிமிர்ந்து, பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். சயோகோ அதைத் துணியோடு எடுத்து வாசலில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அப்படிப் பசித்தது. சந்தைக்குப் போய்ப் பொரித்த பன்றியிறைச்சியும் ஒட்டுச்சோறும் வாங்கி, கடைவாசலிலேயே நின்றபடி கை விரல்களை நக்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் குரமோச்சி அம்மாள் ஒரு காரியம் செய்தாள். விருந்துக்கு வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தே போனாள். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். மித்சுயோ வீட்டில் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்து, பாங்காக்கில் தான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். சயோகோவைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னதிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

மித்சுயோ மறுநாள் காலையில் வந்தாள். எப்போதும் போலச் செருப்பைக் கழற்றி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"கெய்தா விஷயத்துல அவங்க செஞ்சது பாவம். அதுக்கு நீ என்ன செஞ்சாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்டி."

சயோகோ கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"ஆனா அன்னைக்கு என்னைக் கதவோரமா உட்கார வெச்சது அவங்க இல்ல. நீ. நான் சமையக்காரியா இருந்தேன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். எந்த நாற்காலி எனக்கு விழும்னும் உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே என்னைக் கூட்டிட்டுப் போனே."

"மித்சுயோ சான்..."

"உன் கோப்பையில நான் ஊத்தறப்ப நீ வாங்கிக்கிட்டே. ஒரு வார்த்தை வேண்டாம், எழுந்து அந்தக் கெட்டிலை என் கையிலேர்ந்து வாங்கியிருக்கலாமில்ல?"

குரமோச்சி அம்மாளுக்கு எதிராகப் பதினாறு வருஷம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இங்கே உதவவில்லை. மித்சுயோ போன பிறகு அவள் அழுதாள். பாங்காக்குக்காக அல்ல.

அவள் மித்சுயோவிடம் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். ஒகாதாவிடமும் கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டு, போனது போகட்டும் என்றார், ஆனால் அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும்போது வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். மித்சுயோ மன்னிக்கவில்லை என்று சொல்லவில்லை. வியாழக்கிழமைகளில் கண்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். ஆனால் கஞ்சி கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். எது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்கிற அந்த ஒரே வீட்டு வாசல் சயோகோவுக்கு இல்லாமல் போனது. மழை பிடித்து, புகை அடங்கி, வயல் பச்சையான பிறகும் அது திரும்பவில்லை.

குரமோச்சி அம்மாளை எல்லோரும் மன்னித்தார்கள், அல்லது மன்னித்ததாகச் சொன்னார்கள். வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவள்தான் வரவில்லை. சயோகோ இருக்கும் மேசையில் தனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாளாம். இதைக் கேட்டபோது சயோகோவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. மித்சுயோ விஷயத்தில் அவள் குற்றவாளிதான். அதை ஒப்புக்கொண்டுவிட்டாள். அதற்காக அந்தப் பெண்மணியிடம் அவள் பட்ட கடன் எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலக்க அவள் தயாராக இல்லை.

குரமோச்சியின் நடுக்கம் வலது கைக்கும் பரவியது. மாதம் ஒரு முறை நரம்பு மருத்துவரிடம் வர வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒகாதா கேட்டுப் பெற்ற அந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர் காலை வேளையில் மட்டும்தான் இருப்பார். நரம்பு மருத்துவர் பிற்பகலில்தான் வருவார். ஆகவே அந்த அறையில் மருத்துவருக்கும் அந்தத் தம்பதிக்கும் நடுவில் சயோகோதான் நிற்க வேண்டியிருந்தது.

அவள் வேலையில் குறை வைக்கவில்லை. மருத்துவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். குரமோச்சி அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விகளைத் தெளிவாகத் தாய்லாந்து மொழியில் கேட்டாள். விழுங்குவது சிரமமாகும், ராத்திரியில் உளறலாம், கடைசியில் ஆளை மறந்துவிடவும் கூடும் என்று மருத்துவர் சொன்னபோதும் குரல் மாறாமல் அப்படியே சொன்னாள். குரமோச்சி அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் சேர்ந்து ஆடின. அவர் மட்டும் சயோகோவைப் பார்த்து, கோழி முட்டையிட ஆரம்பித்துவிட்டது என்றார். "நல்லது, குரமோச்சி சான்" என்றாள் அவள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததில்லை.

எழுந்து போகும்போது குரமோச்சி அம்மாள் வாசலில் திரும்பி நின்று ஆழமாகக் குனிந்தாள். ஜப்பானில் ஒருவர் குனிந்தால் எதிரே இருப்பவர் குனியாமல் இருக்க முடியாது. உடம்பே தானாகக் குனிந்துவிடும். சயோகோ முதுகை நேராக வைத்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை அது கஷ்டமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

கதவு மூடிய பிறகு நர்ஸ் பெண், அடுத்த நோயாளியின் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"சயோ அக்கா, அவங்க உங்களுக்குச் சொந்தமா? ஒவ்வொரு தடவையும் அவ்வளவு மரியாதையாக் குனியறாங்களே."

"இல்ல. பாங்காக்ல ஒரே கட்டடத்துல இருந்தோம்," என்றாள் சயோகோ. அடுத்தவரின் பெயரைக் கூப்பிடக் கூடத்துக்குப் போனாள்.